ஆர்னம் லேண்ட் கரையில் கொடுவா பிடிக்க யாரிடம் கேட்க வேண்டும்?

பாம்பன்_பையன் (டார்வின்):

எல்லாருக்கும் வணக்கம். வேலைக்காக ஆஸ்திரேலியாவின் வடக்கே, நார்தர்ன் டெரிடரி என்ற பகுதியில் உள்ள டார்வினுக்கு வந்து செட்டிலாகிவிட்டேன். சொந்த ஊர் பாம்பன். அப்பா நாட்டுப்படகில் போனவர், லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். இங்கே வந்ததிலிருந்து கடலைப் பார்க்கிறேனே தவிர இறங்க வாய்ப்பில்லை.

கூட வேலை செய்கிறவர் ஒருவர் அலுமினியப் படகு வைத்திருக்கிறார். மழை இல்லாத மாதங்களில் அதை வண்டியில் இழுத்துக்கொண்டு, கேத்தரின் வழியாக மண் சாலையில், பழங்குடி மக்கள் வாழும் ஆர்னம் லேண்டின் வடகிழக்குக் கோடியில் உள்ள நூலன்பாய் வரை போய், நாலைந்து நாள் கரையோரம் தங்கி மீன்பிடிப்பதாகத் திட்டம். இங்கே பாரமுண்டி என்று கொண்டாடுவது நம்ம கொடுவாதான் என்று தெரிந்ததும் ஆசை இன்னும் கூடிவிட்டது.

ஆனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். படகுக்காரர், "நார்தர்ன் டெரிடரியில் பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்க லைசென்ஸே கிடையாது, கடல் எல்லாருக்கும் பொது" என்கிறார். இன்னொருவர், "அங்கே கரை மட்டுமில்லை, தண்ணீரும் பழங்குடி மக்களுக்குச் சொந்தம், கேட்காமல் போகக் கூடாது" என்கிறார்.

கரை சொந்தம் என்றால் புரிகிறது. தண்ணீர் எப்படி ஒருவருக்குச் சொந்தமாகும்? எங்கள் பக்கமும் ஊர்க் கட்டுப்பாடு உண்டு. 70களில் நடந்த சண்டைகளுக்குப் பிறகு பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்துக்கொண்டார்கள். ஆனால் அது தொழில் செய்கிறவர்களுக்குள் ஏற்பாடு. வெளியூர்க்காரன் வந்து ஒரு தூண்டில் போட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். இங்கே நிலைமை என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிட்னி_வக்கீல்:

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

1976இல் வந்த நார்தர்ன் டெரிடரி பழங்குடி நில உரிமைச் சட்டப்படி ஆர்னம் லேண்ட் ஏறக்குறைய முழுவதும் பழங்குடி அறக்கட்டளை நிலம். அந்த நிலத்தின் எல்லை கடல் வற்றும்போது தண்ணீர் நிற்கும் கோடு வரை போகிறது. அப்படியானால் கடல் பெருகி அந்த நிலத்தின் மேல் ஏறி நிற்கும்போது அந்தத் தண்ணீருக்குள் யார் வரலாம்? அதுதான் ப்ளூ மட் பே (ஆர்னம் லேண்டின் கிழக்குக் கரையில் உள்ள விரிகுடா) வழக்கு. 2008 ஜூலை 30இல் உயர் நீதிமன்றம் (இந்த நாட்டில் அதுதான் கடைசி நீதிமன்றம்) ஐந்துக்கு இரண்டு என்று தீர்ப்புச் சொன்னது. தண்ணீர் ஏறினாலும் நிலம் அவர்களுடையதே. மீன்வளச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் வைத்திருக்கிறேன் என்பதற்காக ஒருவர் அங்கே நுழைந்துவிட முடியாது, நில உரிமையாளர்களின் அனுமதி வேண்டும். நார்தர்ன் டெரிடரி கடற்கரையில் சுமார் 80 சதவீதம் இந்தத் தீர்ப்புக்குள் வருகிறது.

வற்றுக்கோட்டுக்கு வெளியே உள்ள கடலில் விஷயம் வேறு. குரோக்கர் தீவு வழக்கில் 2001இல் அதே நீதிமன்றம், கடலிலும் பூர்வீக உரிமை உண்டு, ஆனால் மற்றவர்களை விலக்கி வைக்கும் உரிமை இல்லை என்றது. 2013இல் டாரஸ் நீரிணை வழக்கில் ஒரு படி மேலே போய், அந்த மக்கள் விற்பனைக்காக மீன்பிடிக்கும் உரிமையையும் லைசென்ஸ் சட்டங்கள் அழித்துவிடவில்லை என்றது.

அதனால் ஆழத்தில் நிற்கும்வரை சட்டப்படி உங்களுக்குச் சிக்கல் குறைவு. ஆனால் கொடுவா ஆழத்தில் நிற்கிற மீன் இல்லை. ஓடை வாயிலும் கண்டல் மர வேர்களிலும்தான் நிற்கும், களி நண்டும் அப்படியே. அதெல்லாம் பெருக்குக்கும் வற்றுக்கும் இடைப்பட்ட பகுதி. டார்வினில் இரண்டுக்கும் வித்தியாசம் 8 மீட்டர் வரை போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தட்டையான கரையில் அது எவ்வளவு அகலமான நிலம் என்று யோசித்துப் பாருங்கள்.

சில இடங்களில் அனுமதிச் சீட்டு இல்லாமலே மீன்பிடிக்க ஒப்பந்தம் இருக்கிறது. டார்வினுக்கு எதிரே, 1979இல் போட்டு 2016இல் முடிந்த கென்பி நில வழக்குக்கு உட்பட்ட கரையில் பெரும்பகுதி அப்படித்தான். இந்த ஏற்பாடுகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புவதற்கு முன், பழங்குடி நில உரிமையாளர்கள் சார்பில் செயல்படும் நார்தர்ன் லேண்ட் கவுன்சிலின் வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் சொன்ன மண் சாலைக்கும் அவர்களிடம்தான் சீட்டு எடுக்க வேண்டும்.

மன்னார்_அக்கா (நூலன்பாய்):

தம்பி, நான் மன்னார். நீங்கள் வரப் போகிற ஊரில்தான் கனகாலமாகத் தாதியாக வேலை செய்கிறேன். வக்கீல் ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் அது நீதிமன்றத்துக்குள் போய் வெளியே வந்த பங்கு மட்டும்தான். இங்குள்ள யோல்ங்கு மக்களின் சட்டம் அதைவிடப் பெரியது, அது தெரிந்து வந்தால் நல்லது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் காரியத்துக்கு வருவோம். ஊருக்குள் இருக்கச் சீட்டு வேண்டாம். ஊரைத் தாண்டி எந்தக் கடற்கரைக்குப் போனாலும் திமுரு அலுவலகத்தில் சீட்டு எடுக்க வேண்டும். திமுரு யோல்ங்கு மக்களே 1992இல் தொடங்கிய அமைப்பு. இங்கே குடியிருக்கிற நாங்களும் எடுத்துத்தான் போகிறோம். கேப் ஆர்னம் மாதிரி சில இடங்களுக்குத் தனிச் சீட்டு, அங்கே ஒரு நேரத்தில் கொஞ்ச வண்டிகளைத்தான் விடுவார்கள். பிந்திக் கேட்டால் கிடைக்காது.

சீட்டு கையில் இருந்தாலும் கரை மூடப்படலாம். எனக்கு அப்படி நடந்தது. சாமான் எல்லாம் வண்டியில் ஏற்றியாகிவிட்டது, அன்று காலை மூடியாயிற்று என்று தகவல் வந்தது. அந்தக் கரைக்கு உரிய குடும்பத்தில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். வண்டி போகும் பாதையோடு சேர்த்து முன்னால் கிடக்கிற தண்ணீரையும் மூடிவிட்டார்கள். சொந்தக்காரர்கள்கூட அங்கே வலை போடவில்லை, நண்டு குத்தப் போகவில்லை. எப்போது திறக்கும் என்று கேட்டேன். குடும்பம் சடங்கை முடித்து "இனிப் போகலாம்" என்று சொல்லும்போது என்றார்கள். அதற்குத் தேதி கிடையாது. கடலில் யாராவது இறந்துபோனால் இன்னும் கடுமை. இதனால் அந்த இடத்து மீனுக்கு ஓய்வு கிடைக்கிறது என்பது உண்மை, எழுதுகிறவர்கள் அதைத்தான் பெரிதாக எழுதுகிறார்கள். ஆனால் அவர்கள் மூடுவது இறந்த மனிதருக்காக. அந்தக் கடலும் அந்த மனிதரும் உறவு.

உறவு என்று சும்மா சொல்லவில்லை. இங்கே மனிதர், மீன், மரம், காற்று, நீரோட்டம் எல்லாம் துவா, யிரிச்சா என்று இரண்டு பிரிவில் ஒன்றுக்குள் வரும். ஒரு பிரிவில் பிறந்தவர் மறு பிரிவில்தான் கலியாணம் செய்யலாம். அதனால் எல்லாருக்கும் தாய் மறு பிரிவுக்காரி. தகப்பன் வழியில் ஒருவருக்கு ஒரு கடல் சொந்தமாக வருகிறது. தாய் வழியில் தாயுடைய குலத்தின் கடலுக்கு அவர் காவல்காரர், ஜுங்காயா என்பார்கள். சொந்தக்காரர் தன் கடலில் தன் இஷ்டப்படி முடிவெடுக்க முடியாது, ஜுங்காயா ஒத்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டுச் சடங்கில் தாய்மாமன் வந்து நிற்காமல் காரியம் நகராது அல்லவா? இங்கே அது மறுபக்கமாக நடக்கிறது: மருமக்கள் வந்து சரி என்று சொல்லாமல் மாமன் தன் கடலில் கை வைக்க மாட்டார். ஒரே குடும்பம் பேராசையில் எதையும் விற்றுவிட முடியாதபடி இப்படிக் கட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை.

அப்புறம் அந்த வழக்கின் பின்னால் உள்ள கதை. 1996இல் ப்ளூ மட் பேயில், கரங்கலி என்ற இடத்தில், யாரிடமும் கேட்காமல் வந்து கொடுவா பிடித்தவர்கள் தங்கிப்போன இடத்தை யோல்ங்கு மக்கள் கண்டுபிடித்தார்கள். அங்கே ஒரு சாக்குக்குள் வெட்டிய முதலைத் தலை கிடந்தது. கரங்கலி மதர்பா குலத்தவருக்கு முதலையின் இருப்பிடம். பாரு என்ற முதலை மூதாதை முதுகில் நெருப்புப் பற்றி எரிய எரியக் கடலுக்குள் பாய்ந்தது, அந்த நெருப்பு அந்தத் தண்ணீருக்குள் இன்னும் இருக்கிறது என்பது அவர்களின் வரலாறு. முதலையின் முதுகில் கட்டம் கட்டமாக இருப்பது அந்தச் சூட்டின் தழும்பு. அப்படிப்பட்ட இடத்தில் அறுத்த தலை. ஒரு கோயிலின் கருவறைக்குள் அதைப் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

அவர்கள் ஆளைத் தேடி அடிக்கப் போகவில்லை. மதர்பா குலத் தலைவரும் ஓவியருமான ஜம்பவா மராவிலி மற்றக் குலத்தவர்களையும் அழைத்தார். ஒவ்வொரு குலமும் தன் கடலை மரப்பட்டையில் வரைந்தது. 47 ஓவியர்கள், 80 பட்டைகள். ஆற்று நீர் எங்கே உப்பு நீரோடு சேர்கிறது, எந்தப் பாறை யாருடையது, எந்த நீரோட்டம் எங்கே திரும்புகிறது, வெளியே பல குலங்களின் தண்ணீர் கலக்கும் முங்குரு என்ற ஆழ்கடல், அதற்கும் அப்பால் அடிவானத்து மேகம் வரை எல்லாம் அதில் இருக்கிறது. வெளியாட்களுக்குப் பார்க்க அழகான கோடுகள். அவர்களுக்கு அது உறுதிப் பத்திரம். சிட்னி கடல்சார் அருங்காட்சியகம் அவற்றை வாங்கி வைத்திருக்கிறது. அந்தப் பட்டைகளில் வற்றுக்கோடு என்று எதையும் காண முடியாது. நீதிமன்றம் கோடு போட்டு நின்ற இடத்தில் அவர்களின் கடல் முடிவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், "ஆழத்தில் நின்றால் சிக்கல் இல்லை" என்று மட்டும் நினைத்து வராதீர்கள்.

வழக்கை முன்னின்று நடத்திய பெரியவர் ஒருவரின் பெயர் அந்த வழக்கிலேயே இருக்கிறது. அவர் இப்போது இல்லை. இங்கே இறந்தவரின் பெயரைச் சொல்வதைத் தவிர்ப்பார்கள், அதனால் நானும் எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கரைகளில் சில இடங்களில் புளியமரம் நிற்கும், பார்த்தால் திகைப்பீர்கள். இந்தோனேசியாவின் மக்காசாரிலிருந்து கடல் அட்டை எடுக்க வந்தவர்கள் கொண்டுவந்த புளியிலிருந்து முளைத்தவை. மாரிக் காற்றோடு வந்து, கரையில் அட்டையை அவித்து உலர்த்தி, காற்று மாறியதும் திரும்பிப் போவார்கள். வெள்ளைக்காரர் குடியேறுவதற்கு முன்பே தொடங்கி 1907 வரை வந்தார்கள், அப்புறம் அரசு லைசென்ஸ் கொடுக்க மறுத்து நிறுத்தியது. எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன், சண்டைகளும் நடந்தன. ஆனாலும் பெரும்பாலும் அரிசி, துணி, இரும்புக் கத்தி, புகையிலை என்று கொடுத்துக் கரைக்கு உரியவர்களோடு பேசித்தான் தங்கினார்கள். வெளியாள் கேட்டு வருவதும் இவர்கள் இடம் கொடுப்பதும் இங்கே மிகப் பழைய வழக்கம். 2008 தீர்ப்பு புதிதாக எதையும் உண்டாக்கவில்லை.

தூண்டில்காரன் (டார்வின்):

அக்கா எழுதியது மனதைத் தொட்டது, மறுக்கவில்லை. ஆனால் எதிர்ப்பக்கமும் பேச வேண்டும். மீன் ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்று இந்த ஓடை, நாளை அந்த ஓடை. அதற்கு எப்படி உரிமை கோர முடியும்? வார விடுமுறையில் பிள்ளைகளோடு போய் இரண்டு மீன் பிடிக்கிறவனால் என்ன குறைந்துவிடும்? அதோடு நமக்கெல்லாம் தடை செய்த ஆமையையும் கடற்பசுவையும் அவர்கள் பிடிக்கலாம் என்று இருக்கிறது. பாதுகாப்பு என்றால் எல்லாருக்கும் ஒரே விதி இருக்க வேண்டாமா?

மன்னார்_அக்கா (நூலன்பாய்):

கேட்டது நல்லது, தம்பி. மனதில் வைத்துக்கொண்டு போவதைவிடக் கேட்பது மேல்.

ஆமை, ஆவுளியாவை (நீங்கள் சொன்ன கடற்பசு) முதலில் எடுப்போம். 1993 பூர்வீக உரிமைச் சட்டத்தின் 211ஆம் பிரிவு அவர்களுக்குச் சொந்தத் தேவைக்கும் சடங்குக்கும் பிடிக்க இடம் தருகிறது, விற்பதற்கு இல்லை. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கரையில் ஒரு பேராமையைப் பிடித்து வந்தார்கள். மல்லாத்திப் போட்டு, வயிற்று ஓட்டைக் கழற்றி, உள்ளே சுட்ட கற்களை வைத்து ஓட்டுக்குள்ளேயே வேகவைத்தார்கள். வெந்ததும் எடுத்துச் சாப்பிட உட்காரவில்லை. எந்தத் துண்டு யாருக்கு என்று முன்பே முறை இருக்கிறது. பிடித்தவருக்கு இவ்வளவு, அவருடைய மாமியார் வீட்டுக்கு இவ்வளவு, கரைக்கு உரியவருக்கு இவ்வளவு. நடக்க முடியாத ஒரு கிழவிக்கு இலையில் பொதிந்து ஒரு பிள்ளை கொண்டு ஓடியது. பங்கு போக வேண்டிய இடமெல்லாம் போன பிறகு பிடித்தவர் கையில் கனக்க இருக்கவில்லை. நிறையப் பிடிப்பதால் ஒருவருக்கு ஆதாயம் இல்லாத மாதிரி முறையை வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆமையைக் கொல்வது யார் என்றும் பார்க்க வேண்டும். கார்ப்பென்டேரியா வளைகுடாவுக்குள் வெளிநாட்டுப் படகுகள் விட்ட வலைகள் மிதந்து வந்து இந்தக் கரைகளில் குவியும். அதற்குள் ஆமைகள் சிக்கிக் கிடக்கும். அவற்றை அறுத்து விடுவிக்கிறவர்கள் திமுருவின் ரேஞ்சர்கள், ப்ளூ மட் பே பக்கம் யிரல்கா ரேஞ்சர்கள், எல்லாம் இதே குடும்பங்களின் பெடியள், பெட்டையள்.

மீன் நகரும் என்றீர்கள். நகரும்தான். நான் சம்மாட்டி (படகும் வலையும் சொந்தமாக வைத்திருப்பவர்) வீட்டுப் பிள்ளை, அது எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் கரைவலைப் பாடு, அதாவது கரையிலிருந்து வலை இழுக்க உரிய இடம், இருந்தது. அந்தப் பாட்டில் ஒரு வலை இழுத்து முடியாமல் அடுத்த வலையை வளைக்கக் கூடாது. மீன் யாருடையது என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை, இன்று யாருடைய முறை என்றுதான் பேச்சு. நாங்கள் இடம்பெயர்ந்து பல வருடம் கழித்துத் திரும்பிப் போனபோது, அந்தக் கரையில் வேறு ஆட்களுக்கு எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தார்கள். அப்பா கொடுத்த மனுவுக்கு, உங்கள் பாட்டுக்கு என்ன ஆதாரம் என்று திருப்பிக் கேட்டார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த உரிமைக்குக் காகிதம் இல்லை. எங்கள் சம்மாட்டிமாரிடமும் மரப்பட்டையில் வரைகிற வழக்கம் இருந்திருந்தால் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

இரண்டு மீன் பிடிக்கிறவரால் மீன் குறையாது, ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகளோடு வாருங்கள், அழகான கரைகள். கேட்டுவிட்டு வாருங்கள் என்பதுதான் அவர்கள் சொல்வது. தங்கள் கடலிலிருந்து டன் கணக்கில் மீனும் நண்டும் மற்றவர்கள் கொண்டுபோய் விற்பதை இவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இப்போது லேண்ட் கவுன்சில்கள் சேர்ந்து அபாரிஜினல் சீ கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கி, தொழில்முறை மீன்பிடிக்குள் தாங்களும் வருகிறார்கள். எனக்கு அதில் மிகவும் சந்தோஷம்.

பாம்பன்_பையன் (டார்வின்):

வக்கீல் சாருக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. படகுக்காரரிடம் பேசிவிட்டேன். கொஞ்சம் முணுமுணுத்தார், அப்புறம் சீட்டு எடுக்கச் சம்மதித்தார். எங்கள் ஊரிலும் கடலில் ஒருவர் போய்விட்டால் உடல் கிடைக்கும்வரை யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள், அதனால் கரையை மூடுவது எனக்கு விளங்குகிறது.

அக்கா, இரண்டு கேள்வி. எவ்வளவு நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும்? யாராவது பெரியவரை நேரில் பார்த்துக் கேட்பது முறையா, அலுவலகத்தோடு நிறுத்திக்கொள்வதா?

மன்னார்_அக்கா (நூலன்பாய்):

சாலைச் சீட்டுக்குச் சில வாரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள், அதைக் கடைசி நேரத்தில் வாங்க முடியாது. எந்த வண்டி, எத்தனை பேர், எந்தத் தேதி என்று சரியாக எழுதுங்கள். திமுரு சீட்டு அதிலிருந்து தனி, அதையும் மறக்க வேண்டாம். வந்ததும் அலுவலகத்துக்கு நேரில் போய், எந்தக் கரைகள் மூடியிருக்கின்றன என்று அன்றைக்கே கேளுங்கள்.

பெரியவர்களைத் தேடி வீட்டுக்குப் போக வேண்டாம், அலுவலகமே அவர்களுடையதுதான். கரையில் குடும்பமாக யாராவது இருந்தால் தள்ளி நின்று கையசையுங்கள், கூப்பிட்டால் போங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். பிடித்த மீனில் ஒன்றைக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள்.

முதலை விஷயத்தில் விளையாட வேண்டாம். தூண்டில் போடும்போது தண்ணீர் ஓரத்திலிருந்து 5 மீட்டராவது தள்ளி நில்லுங்கள், கூடாரம் 50 மீட்டர் தள்ளி. மீனைத் தண்ணீர் ஓரத்தில் வெட்டிக் கழுவக் கூடாது, கழிவையும் அங்கே போடக் கூடாது. பாம்பனில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலை உதறின பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். தேதி முடிவானதும் எனக்குத் தனிச் செய்தி போடுங்கள், அந்த வாரம் எனக்கு இரவு வேலை இல்லாவிட்டால் வீட்டில் சாப்பிடலாம்.